கீமோ நடக்கும்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 71, எடை 52 கிலோ. பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லாததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து, இப்போது கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ரத்தக்கசிவு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அசிட்ரோமை நிறுத்திவிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் நாளைக்கே, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்யுங்கள். உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அசிட்ரோம் உடலில் சிதைவதை கேப்சிடபின் தடுக்கும். அதனால் வழக்கமான அளவையே சாப்பிட்டாலும், 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். எகிறிவிடும். சில நாட்களிலும் ஏறலாம், மாதங்கள் கழித்தும் ஏறலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காமல் போவது, இடையில் தரும் ஆன்டிபயாடிக் எல்லாம் அதை இன்னும் ஏற்றும். மாதம் ஒருமுறை பார்த்தால் இப்போது போதாது. வாரா வாரம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நிறுத்தினால், இதயத்தின் இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பக்கவாத ஆபத்தை மருத்துவர்கள் புள்ளி போட்டுக் கணக்கிடுவார்கள்: வயதுக்கு 1, பி.பி.க்கு 1, சர்க்கரைக்கு 1 என அப்பாவுக்கு 3 புள்ளிகள். ஆண்களுக்கு 2 இருந்தாலே இந்த மருந்து தேவை. அந்தக் கணக்கில் புற்றுநோய் சேரவே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது.

இதயத்தில் செயற்கை உலோக வால்வோ, மைட்ரல் வால்வு சுருக்கமோ இல்லையென்றால், ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான அபிக்ஸாபனுக்கு மாறலாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். அசிட்ரோமை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே வந்ததும் 5 மி.கி. தினம் இருவேளை தொடங்குவார்கள். ஒல்லியாக இருக்கிறார் என்பதற்காக மட்டும் 2.5 ஆக்கக் கூடாது. வயது 80-ஐத் தொட்டது, எடை 60 கிலோ அல்லது குறைவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.5 அல்லது அதிகம்: இவற்றில் இரண்டு இருந்தால்தான் பாதி அளவு. காரணமில்லாமல் குறைத்தால் பக்கவாதத்துக்கு வழிவிட்டதாகிவிடும்.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000-க்குக் கீழே போனால் மருத்துவர் இந்த மாத்திரையின் அளவை மாற்றி யோசிப்பார்; 25,000-க்குக் கீழே பெரும்பாலும் நிறுத்திவைப்பார். எண்ணிக்கை ஏறியதும் மறுபடி தொடங்க மறந்துபோவதுதான் ஆபத்து. பிளேட்லெட் எவ்வளவு ஏறினால் தொடங்குவது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்.

மலம் கறுப்பாகப் போனாலோ, திடீரென்று கடும் தலைவலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாய் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஊசி போடலாமா என்பதை முடிவு செய்ய அது தேவை.