துருவக் கடல்நீரைத் தளத்து வெளிச்சத்தில் வைக்கலாமா?

ஒரு ஆராய்ச்சி மாணவி கேட்டிருக்கிறார்: "வரும் கோடையில் ஆர்க்டிக் ஆய்வுக் கப்பலில் போகிறேன். கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளை அளக்க மாதிரி எடுப்பதுதான் என் வேலை. அங்கே சூரியன் தாழ்வாகத்தான் இருக்கும், தண்ணீரும் உறைநிலையை ஒட்டி இருக்கும். வடிகட்டுவதற்கு முன் கண்ணாடிக் குடுவைகள் சில மணி நேரம் கப்பலின் மேல்தளத்தில் வெளிச்சத்தில் இருந்தால் ஏதாவது ஆகுமா? குளிரில் எதுவும் கெடாது என்கிறார் என் சீனியர்."

வைக்காதீர்கள். உங்கள் சீனியர் சொல்வது பாதி சரி. குளிரில் பாக்டீரியா மந்தமாகிவிடும், அவை கரிமப் பொருளைத் தின்று தீர்க்கும் வேகம் குறையும். ஆனால் வெளிச்சம் வேலை செய்யும் விதம் வேறு. ஒரு மூலக்கூறு புற ஊதாக் கதிரை உறிஞ்சும் அந்தக் கணத்துக்குச் சுற்றியுள்ள வெப்பத்தின் உதவி தேவையில்லை, வேண்டிய ஆற்றலைக் கதிரே கொண்டுவந்துவிடுகிறது. தண்ணீர் 0 டிகிரியில் இருந்தாலும் 25 டிகிரியில் இருந்தாலும் அந்த முதல் அடி ஒன்றுதான். அதற்குப் பிறகு தொடரும் வேதிவினைகள் வேண்டுமானால் குளிரில் கொஞ்சம் தாமதமாகும்.

சூரியன் தாழ்வாக இருக்கும் என்பதும் உண்மைதான். 70 பாகை வடக்கில், ஜூன் 21 நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 43 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஆனால் அது மறைவதில்லையே! வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு முழு நாளுக்குக் கூட்டிப் பார்த்தால், அந்த நாளில் வட துருவத்துக்கு வந்து சேரும் சூரிய ஆற்றல் நிலநடுக்கோட்டுக்கு வருவதைவிட அதிகம். சாய்வாக வரும் கதிர் ஓசோன் படலத்தில் நீண்ட தூரம் கடக்க வேண்டியிருப்பதால் புற ஊதா பி கதிர் நன்றாகவே குறைந்துவிடும், அதைவிட நீண்ட அலைகளான புற ஊதா ஏ கதிரும் நீல ஒளியும் அந்த அளவுக்குக் குறையாது. உங்கள் குடுவைக்கு ஆபத்து அங்கிருந்துதான். சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரில் பெரும்பகுதியைத் தடுக்கும் என்பதை வைத்துக்கொண்டு 'கண்ணாடிக்குள் இருக்கிறது, பரவாயில்லை' என்று நினைப்பவர்கள் நிறைய. புற ஊதா ஏ அதே கண்ணாடி வழியாகத் தாராளமாக உள்ளே போகும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கடலில் இருக்கும்போது அந்தத் தண்ணீர் மேலும் கீழுமாகக் கலந்துகொண்டே இருக்கிறது, மேற்பரப்பில் கொஞ்ச நேரம், பத்து இருபது மீட்டர் ஆழத்தில் கொஞ்ச நேரம். தளத்தில் இருக்கும் குடுவைக்கு அந்த ஓய்வு கிடையாது, வெளிச்சம் உள்ள நேரம் முழுக்க அது மேற்பரப்பிலேயே இருக்கிறது. சுற்றிலும் பனி இருந்தால் கேட்கவே வேண்டாம், புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி வீசும்.

சரி, வெளிச்சம் எதைத் தாக்குகிறது? கரைந்த கரிமப் பொருள் என்பது ஒரே பொருள் இல்லை. மிக நுண்ணிய வடிதாளைத் தாண்டி வருகிற எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர் அது. பாசி கசியவிட்ட சர்க்கரை, புரதத் துணுக்குகள், மண்ணிலிருந்து வந்த மக்கிய பொருள் எல்லாம் அதில் அடக்கம். உலகக் கடல்கள் முழுக்க இப்படிக் கரைந்திருக்கும் கார்பன் சுமார் 66,000 கோடி டன், காற்றில் கார்பன் டை ஆக்சைடாக இருக்கும் கார்பனோடு ஒப்பிடக்கூடிய அளவு. இதில் ஒரு பகுதிக்குத்தான் நிறம் உண்டு. அதுதான் புற ஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சுகிறது, அலைநீளம் குறையக் குறைய அதிகமாக.

ஆர்க்டிக்கில் இந்த நிறம் மற்ற கடல்களைவிடத் தூக்கலாக இருக்கும். உலகக் கடல்நீரில் வெறும் 1 சதவீதம்தான் ஆர்க்டிக் பெருங்கடல், ஆனால் உலக ஆறுகள் கடலுக்குக் கொண்டுவரும் தண்ணீரில் சுமார் 10 சதவீதம் அதில் வந்து விழுகிறது. லேனா, யெனிசெய், ஓப், கொலிமா, மெக்கென்சி எல்லாம் காடும் சதுப்பும் உறைமண்ணும் கடந்து வருகின்றன. மரக்கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளின் சிதைவுகளைச் சுமந்து வருகின்றன. லிக்னினில் உள்ள வளைய அமைப்புகள் புற ஊதாவை உறிஞ்சுவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளவை, அதனாலேயே முதலில் உடைபவையும் அவைதான். மே கடைசியிலும் ஜூனிலும் பனி உருகி ஆறுகள் பொங்கிவரும்போதுதான் ஆண்டின் கரிமச் சுமையில் பெரும்பங்கு கடலை எட்டுகிறது, சூரியன் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆனால் கரையோரக் கடல் அப்போதும் பனிக்கட்டி மூடிக் கிடக்கும், நிறைய ஆற்றுநீர் அதன் அடியில் இருட்டிலேயே நழுவிப் போய்விடும். பனிக்கட்டி சீக்கிரம் விலகும் ஆண்டுகளில் ஆற்றுநீரும் வெளிச்சமும் சந்திக்கும் விதம் மாறுகிறது. எனக்கு இந்தத் துறையில் ஆகப் பெரிய கேள்வியாகத் தெரிவது இதுதான்.

ஆற்று முகத்துக்கு அருகே எடுத்த நீரை வடிகட்டி, புற ஊதாவைத் தடுக்காத இரண்டு குவார்ட்ஸ் குழாய்களில் ஊற்றி, ஒன்றை அலுமினியத் தாளில் சுற்றி, மற்றதைத் திறந்து வைத்து, இரண்டையும் ஓடும் கடல்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டுப் பாருங்கள். முதல் நாள் இரண்டுமே இலேசான தேநீர் நிறத்தில் இருக்கும். சில நாள் கழித்துத் தாளைப் பிரித்து வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால், சுற்றி வைத்தது அப்படியே இருக்கும், திறந்து வைத்தது வெளிறிப் போயிருக்கும். இரண்டிலும் உள்ள மொத்தக் கார்பனை அளந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு இருக்காது.

இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறம் போனால் கார்பன் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வெளிச்சம் பெரிய மூலக்கூறை உடைக்கிறது, உடைந்ததில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாகவும், அதைவிட மிகக் குறைவாகக் கார்பன் மோனாக்சைடாகவும் போகிறது. இன்னொரு பங்கு சின்னச் சின்ன அமிலங்களாக மாறி பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகிறது. மீதி நிறமில்லாமல் கரைந்தே கிடக்கிறது. எது எவ்வளவு என்பது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். அலாஸ்காவின் டூலிக் ஏரிப் பகுதி நன்னீர்களில் செய்து 2014இல் வெளியான ஆய்வில், நீருக்குள் மாற்றமடைந்த கரைந்த கார்பனில் 70 முதல் 95 சதவீதத்துக்கு வெளிச்சமே காரணம் என்று கண்டார்கள். அது ஆழம் குறைந்த நன்னீர், அந்த எண்ணை அப்படியே கடலுக்குத் தூக்கி வைக்கக் கூடாது. வைப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இனி உங்கள் குடுவைக்கு வருவோம். வெளிச்சத்தில் முதலில் மாறுவது ஹைட்ரஜன் பெராக்சைடு, நிமிடக் கணக்கில் ஏறத் தொடங்கிவிடும். அடுத்து மண்சார் பொருள்களின் ஒளிர்வு, அதாவது உறிஞ்சிய ஒளியில் ஒரு பகுதியை அவை திருப்பி உமிழ்வது, மணிக்கணக்கில் இறங்கும். நிறம் குறைய அதைவிட நேரம் ஆகும், மொத்தக் கார்பன் எல்லாவற்றுக்கும் கடைசி. அதனால் சில மணி நேரம் தளத்தில் கிடந்த மாதிரியில் மொத்தக் கார்பன் எண் பெரும்பாலும் பிழையில்லாமல்தான் வரும், அதை நம்பி 'மாதிரி நன்றாக இருக்கிறது' என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். நிறத்தையும் ஒளிர்வையும் வைத்து இந்தத் தண்ணீரில் ஆற்றுநீர் எவ்வளவு என்று கணக்குப் போடும்போது, உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக வரும். 275 முதல் 295 நானோமீட்டர் வரையிலான உறிஞ்சல் சரிவையும், அதாவது அலைநீளம் கூடக் கூட உறிஞ்சல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும், நீங்கள் கணக்கிடுவீர்கள் என்று நினைக்கிறேன். வெளிச்சம் பட்டால் அது கூடும், மூலக்கூறுகள் சிறியவை என்று காட்டும். அந்தச் சிதைவு கடலில் நடந்ததா, உங்கள் தளத்தில் நடந்ததா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால், ஆழத்திலிருந்து நீர் கொண்டுவரும் பெரிய குப்பிகள் ஒளி புகாதவை என்றால் மாதிரி அதிலேயே இருக்கட்டும், நிழலில் நின்று நேராகப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். புட்டிகளை முன்பே 450 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு எடுத்திருக்க வேண்டும். பழுப்புப் புட்டி கிடைக்காவிட்டால் அலுமினியத் தாள் சுற்றினாலே போதும். உடனே 0.2 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டி, நிறத்துக்கான பகுதியை 4 டிகிரியில் இருட்டில் வையுங்கள், அதை உறைய வைக்காதீர்கள், உருகும்போது துகள் திரண்டுவிடக்கூடும். மொத்தக் கார்பனுக்கான பகுதியை அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கொண்டுவரலாம், அல்லது உறைய வைக்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று சன்ஸ்கிரீன். பனி வெளிச்சத்தில் எல்லோரும் முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டு திரிவார்கள், பூசத்தான் வேண்டும். ஆனால் அது புற ஊதாவை உறிஞ்சுவதற்கென்றே செய்த பொருள், விரலில் இருந்து ஒரு தடயம் புட்டிக்குள் போனால் உங்கள் உறிஞ்சல் வரைபடத்தில் இல்லாத மேடு ஒன்று எழும். கையுறை மாற்றாமல் புட்டி மூடியைத் தொடாதீர்கள்.

அளக்கும் முன் மாதிரியை அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இருட்டில்தான். குளிர்ந்த நீரை நேராக ஊற்றினால், உறிஞ்சலை அளக்கும் கருவியில் மாதிரியை வைக்கும் சிறு கலத்தின் வெளிப்பக்கம் வியர்க்கும், உள்ளே நுண்குமிழிகள் ஒட்டும், இரண்டுமே பொய் உறிஞ்சலாகப் பதிவாகும். ஆற்றிலிருந்து விலகிய தெளிந்த நீருக்கு 10 சென்டிமீட்டர் கலம் வேண்டும், 1 சென்டிமீட்டரில் நீங்கள் அளப்பது கருவியின் இரைச்சலைத்தான்.

பின்னொரு நாள் அண்டார்டிக் பக்கம் போக நேர்ந்தால் கதை வேறு. அங்கே பெரிய ஆறுகள் இல்லை, நிறம் மிகக் குறைவு, அதனால் புற ஊதா பல பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும், வசந்த காலத்தில் ஓசோன் துளை வேறு திறந்திருக்கும். ஆழத்திலிருந்து மேலே வரும் பழைய நீரில் பல நூற்றாண்டுகளாக வெளிச்சம் காணாத பொருள் இருக்கிறது, அதன் ஒளிர்வு சீக்கிரம் மங்கிவிடும். கரிமப் பொருளோடு பிணைந்த இரும்பை வெளிச்சம் விடுவிப்பது, இரும்புக்குத் தவிக்கும் அந்தக் கடலில் பாசிகளுக்கு முக்கியமான விஷயம்.

ஏற்கெனவே சில புட்டிகள் வெளிச்சத்தில் கிடந்துவிட்டால் அவற்றைக் கொட்டிவிடாதீர்கள். எத்தனை மணி நேரம், மேகம் இருந்ததா, எந்தப் புட்டி என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மொத்தக் கார்பனுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நிறத்துக்கும் ஒளிர்வுக்கும், கப்பல் மாதிரி எடுக்க நிற்கும் அடுத்த இடத்தில் புதிதாக நீர் பிடித்துக்கொள்ளுங்கள்.