வயலினைத் தொழிலாக்க விரும்பும் மகளைப் பற்றி வெள்ளவத்தைத் தாய் ஒருவருக்கு

அன்புள்ள அம்மா,

சாதாரண தரப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தங்கள் மகள், உயர்தரத்தில் உயிரியல் வேண்டாம், கர்நாடக சங்கீதம் எடுத்து வயலினையே தொழிலாகக் கொள்ளப்போகிறேன் என்று சொல்லியிருப்பதாகவும், அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 'இதில் சோறு கிடைக்குமா?' என்பதே தங்கள் கேள்வி. கிடைக்கும், ஆனால் அது ஒரே சட்டியில் வேகாது, நான்கு அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வேகும்.

கொழும்பில் வயலின் வாசித்துக் குடும்பம் நடத்துபவர்களின் ஒரு வாரத்தைப் பாருங்கள். பலருக்குக் காலையில் பாடசாலையில் சங்கீத ஆசிரியர் பணி, மாலையில் வீட்டு வகுப்புகள், சனி ஞாயிறில் கச்சேரியோ பரதநாட்டிய அரங்கேற்றமோ இருக்கும். சிலர் காலை ஐந்தரை மணிக்கே கணினியின் முன் அமர்ந்து, அங்கே மாலையாக இருக்கும் ரொறன்ரோவின் பிள்ளைகளுக்கு வர்ணம் என்ற பயிற்சி உருப்படியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அரங்கேற்றங்கள் பாடசாலை விடுமுறை மாதங்களில் குவியும். வேறு சில மாதங்களில் தொலைபேசி ஒலிக்கவே ஒலிக்காது. மேடை வருமானத்துக்கு ஊழியர் சேமலாப நிதியும் கிடையாது. நிரந்தரச் சம்பளக்காரருக்குத் தொழில்தருநர் சம்பளத்தில் பன்னிரண்டு வீதத்தை அந்த ஓய்வுக்காலச் சேமிப்புக்குச் செலுத்துகிறார். நிரந்தர வேலையில்லாமல் மேடையை நம்பி வாசிப்பவர் அந்தப் பங்கையும் தாமே ஒதுக்கிவைக்க வேண்டும். இதை மகளிடம் இப்போதே சொல்லுங்கள், பயமுறுத்துவதற்காக அல்ல, கணக்குத் தெரிந்திருப்பதற்காக.

ஆனால் நான் முதலில் கேட்பது பணத்தைப் பற்றியதல்ல. தங்கள் மகளுக்குப் பக்கவாத்தியம், அதாவது பாடகருக்குத் துணையாக, வாசிக்கப் பிடிக்குமா?

பாலுஸ்வாமி தீட்சிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மேனாட்டு வாத்தியத்தை நம் இசைக்குள் கொண்டுவந்த பிறகு, அது தனித்து ஒலித்ததைவிடப் பாடகரின் பக்கத்தில் ஒலித்ததே அதிகம். லால்குடி ஜெயராமனும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் கூடப் பிறருக்குப் பக்கத்தில் அமர்ந்து பெயர் பெற்ற பின்னரே பெரிய தனிக்கச்சேரிக் கலைஞர்களாக விளங்கினார்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கீர்த்தனையைப் பிழையின்றி வாசிப்பது ஒரு திறமை. முன்பின் ஒத்திகை பாராத ஒரு பாடகர் தோடி ராகத்தில் ஒரு பிடியை, அதாவது ஒரு சிறு இசைத்தொடரை, போட்டு நிறுத்தும்போது, அந்த மௌனம் ஆறுவதற்குள் அதே பிடியை அவரை மிஞ்சாமல் திருப்பித் தருவது முற்றிலும் வேறொரு திறமை. இன்று ஆண் குரலுக்கு ஒரு கட்டை, நாளை பெண் குரலுக்கு ஐந்தரைக் கட்டை என்று சுருதியின் உயரம் மாறும். தங்கள் பகுதியின் கடற்காற்றில் தந்தியை முறுக்கும் பிருடை இறுகித் திரும்ப மறுக்கும், உருக்குத் தந்தியில் துரு ஏறும். இரண்டு மணி நேரம் சம்மணமிட்டு அமர்ந்தபின் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். அரங்கேற்ற மேடையில் ஆடும் பிள்ளைமீதே எல்லோருடைய கண்ணும் இருக்கும். வயலின்காரரை யாரும் கவனிப்பதில்லை, அவர் பிழைவிட்டாலொழிய. இதில் இன்பம் காணும் மனம் இருந்தால் இந்தத் தொழில் நிலைக்கும். கைதட்டலையே எதிர்பார்க்கும் மனத்துக்கு, விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சில வருடங்களில் சலிப்பு வந்துவிடுகிறது.

படிப்பு வழிகள் தாங்கள் நினைப்பதைவிடத் தெளிவானவை. உயர்தரக் கலைப்பிரிவில் கர்நாடக சங்கீதத்தோடு தமிழையும் இன்னொரு பாடத்தையும் எடுக்கலாம். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கி, பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இராமநாதன் இசைக் கல்லூரி, 1975 இல், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக மாறிய யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது; மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நுழைவுக்குச் செயன்முறைத் தேர்வு இருப்பதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை இப்போதே வாங்கித் தகைமைகளைப் பாருங்கள். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை இடையில் நிறுத்த வேண்டாம். பட்டப்படிப்பை இந்தியாவில் தொடர, இந்திய கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில் உண்டு. பட்டம் பெற்றவருக்குப் பாடசாலை ஆசிரியர் நியமனம் என்ற வாசல் இருக்கிறது. அது எந்த வருடம் திறக்கும் என்பதுதான் சிக்கல். ஆகவே சிங்களமும் ஆங்கிலமும் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்வது, இந்த நகரில் வகுப்பு நடத்தப்போகிற ஒருவருக்கு மேலும் ஒரு ராகம் கற்பதைவிடப் பயன்படும் என்பது என் கருத்து.

மேனாட்டு முறை வயலினைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1958 இல் தோன்றிய இலங்கைச் சிம்பொனி இசைக்குழு கொழும்பில் இருக்கிறது, தரப் பரீட்சைகளும் நடக்கின்றன. ஆனால் சுருதி சேர்ப்பதும், வாத்தியத்தைப் பிடிப்பதும், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகமும் வேறானவை. பதினாறு வயதில் முழுமையாக அந்தப் பக்கம் தாவுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

பெற்றோர் என்னிடம் அடிக்கடி வயலின் கலைஞர் எல். சுப்ரமணியத்தை எடுத்துக்காட்டுவார்கள். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர்; 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குப் போனது; மகன் அங்கே மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற பிறகே வயலினோடு உலகம் சுற்றினார். 'முதலில் டொக்டர், பிறகு வயலின்' என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அவரோ பிள்ளைப் பருவத்திலேயே மேடையேறியவர், வீட்டிலேயே குரு இருந்தவர். உயிரியல் பிரிவில் சேர்ந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே ரியூசன் வகுப்புகளில் இரவு எட்டு மணி வரை இருக்கும் பிள்ளைக்கு, சாதகம் செய்ய எந்த நேரம் மிஞ்சும்? பல வருடங்களுக்கு முன் ஒரு வீணை மாணவனிடம் 'இரண்டு வருடம் ஒதுக்கிவை, பிறகு தொடலாம்' என்று நானே சொன்னேன். அவன் பிறகு தொடவில்லை.

பெறுபேறு வரும்வரை இருக்கும் இந்த வாரங்களை வீணாக்க வேண்டாம். வாய்ப்பாட்டுப் படிக்கும் ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்து, மகள் முன்னர் கேட்டிராத ஒரு கீர்த்தனையை அவரைப் பாடச் சொல்லுங்கள். மகள் கூடவே வாசிக்கட்டும். நான்கைந்து கிழமை, கிழமைக்கு இருமுறை செய்யட்டும். பிழைகளை எண்ண வேண்டாம், அதைக் குருவே பார்த்துக்கொள்வார். பாடல் முடிந்ததும் மகள் தோழியிடம் 'அந்தச் சங்கதியை இன்னொரு தரம் பாடுங்கோ' என்று கேட்கிறாரா, அல்லது வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாரா என்பதை மட்டும் கவனித்து எனக்கு எழுதுங்கள். பாடத் தெரிவுப் படிவத்தை அதன் பிறகு நிரப்பலாம்.