பாலத்துக்கு அடியில் புலி போகிறதா, எப்படித் தெரியும்?

நெடுஞ்சாலைக்கு அடியில் விலங்குகளுக்கென்று கட்டிய வழியை அவை நிஜமாகவே பயன்படுத்துகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படுத்துகின்றன. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஊடுருவும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் கீழ்வழிகளும் சிறுபாலங்களுமாக ஒன்பது இருக்கின்றன. 2019-இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் அங்கே தானியங்கி கேமராக்கள் வைத்துக் கண்காணித்தது. உடல் சூட்டோடு ஏதாவது அசைந்தால் கேமரா தானாகவே படமெடுத்துவிடும். பத்து மாதத்தில் 18 வகைக் காட்டுவிலங்குகள் பதிவாயின. புலி மட்டும் 89 முறை.

அப்படியென்றால் 89 புலிகளா? இல்லை, 11தான். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே புலிக்கும் இடது விலா வேறு, வலது விலா வேறு; அதனால் வழியின் இருபுறமும் கேமரா வேண்டும். புள்ளிமானை இப்படிப் பிரித்தறிவது பெரும்பாடு, அங்கே எத்தனை தடவை கடந்தது என்ற கணக்குதான். என்னைக் கேட்டால், படத்தில் பதியும் நேரத்தையும் பார்க்க வேண்டும்: இரவில் மட்டும் கடக்கிறதா, பகலிலுமா?