ஸ்மார்ட் டிவி சும்மா கிடக்கிறதே! – ஆசிரியர் கேள்வி-பதில்

எங்கள் தொடக்கப் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை வந்து ஓராண்டு ஆகிறது. நான்கு ஆசிரியர்களில் ஒருவர்தான் பயன்படுத்துகிறார். மற்றவர்களுக்கு ஆர்வமில்லையா, பயிற்சி போதவில்லையா?
– தலைமையாசிரியை, விருத்தாசலம்

ஆர்வத்தைக் குறை சொல்லுமுன், பாடவேளை தொடங்கும் நேரத்தில் ஒருநாள் அந்த அறை வாசலில் நின்று பாருங்கள். ரிமோட் உங்கள் பீரோவில் இருக்கும். எடுத்து வந்து சுவிட்சைப் போட்டால் அப்டேட் கேட்கும், அடுத்து வைஃபை பாஸ்வேர்டு கேட்கும். 40 நிமிடப் பாடவேளையில் எட்டு நிமிடம் இதிலேயே கரைந்துவிடும். அதற்குள் பாதி வகுப்பு தண்ணீர் குடிக்க எழுந்துவிடும். இரண்டு முறை இப்படி ஆனால், மூன்றாம் முறை யாராக இருந்தாலும் சாக்பீஸைத்தான் எடுப்பார்கள்.

ஒரு கருவியை ஏற்பதா என்பதை இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன என்று 1989-ல் அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் வகுத்துச் சொன்னார்: இது என் வேலைக்கு உதவுமா? இதைக் கையாளுவது சுலபமா? இவற்றில் பயன்தான் கனமானது என்பது அவர் முடிவு. அவர் ஆராய்ந்தது கணினி முன் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களை. முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தடுமாற வேண்டிய இடத்தில் சுலபம்தான் முதல் வாசல் என்பேன்.

ஆகவே ரிமோட்டை வகுப்பறையிலேயே வையுங்கள். காலை வழிபாட்டுக்கு முன்பே டிவியை இயக்கி, அன்றைய காணொளி ஓடுகிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். வட்டார வள மையத்தில் ஒரே நாளில் பதினைந்து வசதிகளைக் காட்டும் பயிற்சி பெரும்பாலும் மனதில் நிற்காது. பயன்படுத்தும் அந்த ஒருவரே, சக ஆசிரியர் அடுத்த வாரம் நடத்தப்போகும் ஒரே ஒரு பாடத்தை, அவருடைய வகுப்பு டிவியிலேயே அரை மணி நேரம் செய்து காட்டட்டும்.

நெட் இழுக்கிறது என்று பென்டிரைவில் காணொளி கொண்டுபோனேன். சிலது தெரியவே இல்லை, சிலதில் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. டிவி கோளாறா?
– இடைநிலை ஆசிரியர், பரமக்குடி

பெரும்பாலும் கோப்பின் கோளாறு. பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற சேமிப்பு முறையில் இருந்தால் சில டிவிகள் அதைக் கண்டுகொள்ளாது. கணினியில் ஃபார்மேட் செய்து ஃபேட் 32 (FAT32) முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும், நகல் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். ஃபேட் 32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பாடக் காணொளிக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

படம் வந்து சத்தம் வராவிட்டால், அந்த ஒலி வடிவம் டிவிக்குப் பிடிபடவில்லை என்று அர்த்தம். காணொளி மாற்றும் மென்பொருளில் எம்பி4 (MP4) கோப்பு, படத்துக்கு எச்.264 (H.264), ஒலிக்கு ஏஏசி (AAC) என்ற வடிவங்களுக்கு மாற்றிவிட்டால் ஏறக்குறைய எல்லா டிவியிலும் ஓடும். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் சில டிவிகளில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். 01, 02 என்று எண்ணிட்டால் வரிசையும் மாறாது.

புத்தகத்தின் க்யூஆர் குறியீட்டை வகுப்பில் வைத்து ஸ்கேன் செய்துகொண்டிருக்காதீர்கள். முந்தைய நாளே அந்தக் காணொளியை, அரசின் கல்வித் தளமான திக்‌ஷா செயலியில் இறக்கிவையுங்கள். செல்போன் திரையை வைஃபை வழியே டிவிக்கு அனுப்பும்போது இணைப்பு அறுந்தால், இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

வயதில் மூத்த ஆசிரியர்கள்தான் தயங்குகிறார்கள் என்பது உண்மையா?
– வாசகர், திருச்சி

தயக்கத்துக்கு வயதை மட்டும் காரணமாக்க முடியாது. பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று மூத்தவருக்குத் தெரியும். அந்த இடத்துக்கென்று ஒரு காணொளியைக் கொடுத்துப் பாருங்கள். 42-லிருந்து 17-ஐக் கழிக்கக் கடன் வாங்கும் கணக்கு ஓர் உதாரணம். பத்துக் குச்சிக் கட்டு ஒன்று அவிழ்ந்து ஒன்றுகளின் பக்கம் சேர்வதைத் திரையில் காட்டி, அங்கேயே நிறுத்தி, "இப்போது இந்தப் பக்கம் எத்தனை?" என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு என்று பிள்ளைகள் சொன்ன பிறகு, கையில் உள்ள நிஜக் குச்சிகளில் அதையே செய்யச் சொல்ல வேண்டும். காணொளி மூன்று நிமிடம் போதும்.

செல்போனை எடுத்தாலே எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகை, எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டம்) மதிப்பீடு, புகைப்படம் என்று பதிவேற்றம்தான். இதற்கு மேல் தொழில்நுட்பம் வேறா?
– ஆசிரியை, திருவண்ணாமலை

உங்கள் கோபம் நியாயம். கருவி என்றாலே மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுவது என்றாகிவிட்டால், பாடத்துக்கு அதைத் தொட மனம் வராது. பல பள்ளிகளில் தடை இதுதான், டிவி அல்ல. பதிவேற்றங்களைப் பாடவேளைக்கு வெளியே ஒரு நேரத்துக்கு ஒதுக்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சர்வர் திணறும் நேரத்தில் வகுப்பை நிறுத்திவிட்டுப் போராட வேண்டியதில்லை.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: "டிவி ஓடும்போது போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்கள்" என்றால், போட்டோவுக்கு மட்டும்தான் டிவி ஓடும்.

பின்வரிசைப் பிள்ளைகள் எழுத்து தெரியவில்லை என்கிறார்கள்.
– ஆசிரியர், தென்காசி

43 அங்குல டிவியின் உயரம் ஏறத்தாழ 21 அங்குலம். அதுபோல் ஆறு மடங்கு, அதாவது பத்தரை அடிக்கு அப்பால் சிறிய எழுத்தைப் படிப்பது சிரமம். பிள்ளைகளைத் தரையில் டிவிக்கு நெருக்கமாக அரைவட்டமாக உட்கார வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்தால் அந்த ஒரு கதவை மட்டும் சாத்துங்கள். முழு அறையையும் இருட்டாக்கினால் நோட்டில் எழுத முடியாது.