ஜி.652.டி (சாதாரண ஒற்றை மோடு ரகம்) கேபிளோடு, வீட்டுப் பக்கம் ஜி.657.ஏ2 (இறுக்கமான வளைவைத் தாங்கும் ரகம்) ஃபைபரை ஒட்டினேன். ஸ்பிளைசிங் மெஷின் 0.02 டெசிபெல் என்கிறது, வீட்டுப் பக்கமிருந்து ஓடிடிஆர் (ஒளித் துடிப்பை அனுப்பி ஃபைபரின் லாஸை அளக்கும் கருவி) 0.3 காட்டுகிறது. பிரித்து மறுபடி ஒட்ட வேண்டுமா?

இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். நீங்கள் எடுத்தது ஏ2 பக்கமிருந்து ஒரு திசை அளவு மட்டும்தான். எக்ஸ்சேஞ்ச் பக்கமிருந்தும் ஒரு தடவை எடுங்கள். அதே தூரத்தில் கோடு கீழே இறங்காமல் மேலே ஏறி ‘கெயின்’ காட்டினால், உங்கள் ஒட்டு அநேகமாக நன்றாகவே விழுந்திருக்கிறது.

ஒட்டு ஒளியைப் பெருக்காது. பிறகு கெயின் எப்படி? ஒட்டைத் தாண்டிப் போகும் ஒளியை ஓடிடிஆர் அளப்பதே இல்லை. கண்ணாடிக்குள் சிதறித் தன்னிடம் திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் கோடு போடுகிறது. எவ்வளவு திரும்பும் என்பது ஃபைபரின் மோடு ஃபீல்டு விட்டத்தைப் பொறுத்தது. அதாவது கோரிலும் (ஃபைபரின் நடுப்பகுதி) அதை ஒட்டிய கிளாடிங்கிலுமாக (கோரைச் சுற்றிய கண்ணாடி) ஒளி பரவி ஓடும் அகலம். ஜி.652.டி ஃபைபர்களில் 1310 நானோமீட்டருக்கு 9.2 மைக்ரான் என்பது சகஜமான அளவு. ஏ2 ரகங்களில் 8.6 அடிக்கடி வரும். அகலம் குறைந்த ஃபைபர், சிதறிய ஒளியில் கூடுதலான பங்கைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9.2-உம் 8.6-உம் சேரும்போது அகலம் பொருந்தாததால் வரும் நிஜமான லாஸ் 0.02 டெசிபெல்தான். ஆனால் திரும்பும் ஒளியில் உள்ள வித்தியாசம், 10 × லாக் (9.2 ÷ 8.6), 0.29 டெசிபெல். ஏ2 பக்கமிருந்து பார்த்தால் 0.02 + 0.29 = 0.31 லாஸ். மறுபக்கமிருந்து 0.02 − 0.29 = −0.27, அதாவது கெயின். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.02. உங்கள் 0.3 இதில் அப்படியே பொருந்துகிறது. நல்ல ஒட்டை நாலு முறை வெட்டி ஒட்டினாலும் இந்த எண் மாறாது. ஒட்டைச் சுற்றி வைக்கும் ட்ரேயில் ஃபைபர்தான் குறைந்துகொண்டே போகும்.

இரண்டு திசைச் சராசரியும் 0.1-க்கு மேல் நின்றால் மட்டும் ஒட்டைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் வெட்டுவதற்கு முன் 1310, 1550 நானோமீட்டர் இரண்டிலும் அளந்து ஒப்பிடுங்கள். 1550-இல் லாஸ் தெளிவாக அதிகமென்றால் அது ஒட்டின் கோளாறு இல்லை, வளைவு. கலப்பு ஒட்டில் இது அடிக்கடி நடக்கும். ஏ2 ஃபைபர் 7.5 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு சுற்றுக்கு 1550-இல் அதிகபட்சம் 0.5 டெசிபெல்தான் இழக்க வேண்டும் என்பது தர வரையறை. ஜி.652.டி-க்கான வளைவுச் சோதனையோ 30 மில்லிமீட்டர் ஆரத்தில் வைக்கப்படுகிறது. ஏ2 தாங்குகிறதே என்று அதே கையோடு மறுபாதியையும் இறுக்கிச் சுற்றினால், ஜி.652.டி பாதி அந்த இடத்தில் ஒளியைக் கசியவிடும். ட்ரேயைத் திறந்து அந்தச் சுற்றை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குத் தளர்த்திவிட்டு மறுபடி அளந்தாலே போதும்.

இரண்டு அலைநீளத்திலும் லாஸ் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஒட்டுதான். முதல் குற்றவாளி கிளீவ், அதாவது ஒட்டும் முன் ஃபைபர் நுனியை நேராக வெட்டுவது. வெட்டுமுகம் 1 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தாலோ, ஓரத்தில் பிசிறு நின்றாலோ மறுபடி வெட்டுங்கள். மெஷின் ஏற்றுக்கொண்டாலும் விடாதீர்கள். ஒரே மாதிரிப் பிசிறு தொடர்ந்து வந்தால் பிளேடை அடுத்த நிலைக்குத் திருப்பும் நேரம் வந்துவிட்டது. அடுத்து அழுக்கு. கோட்டிங் (மேல் பூச்சு) உரித்த கண்ணாடியை 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துடைப்பானால் இழுத்தால் ‘கீச்’ என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் வழுக்கினால் கோட்டிங் பசை இன்னும் ஒட்டியிருக்கிறது. துடைப்பது கிளீவுக்கு முன்னால்தான். வெட்டிய பிறகு நுனியை எதுவும் தொடக்கூடாது. மெஷினில் ஃபைபரை வைக்கும் வி-பள்ளத்தில் ஒரு தூசி உட்கார்ந்தாலே ஃபைபர் விலகிவிடும். 9.2 மைக்ரான் அகலத்தில் 1 மைக்ரான் விலகல் 0.2 டெசிபெல், அரை மைக்ரான் 0.05. கிளாடிங்கை மட்டும் வைத்துச் சேர்க்கும் மெஷினில் கோர் நடுமையத்திலிருந்து விலகியிருப்பதும் இதோடு சேரும். ஜி.652.டி-யில் அதற்கான தர வரம்பே 0.6 மைக்ரான் என்பதால், கோரையே பார்த்துச் சேர்க்கும் கோர் அலைன்மென்ட் மெஷினே நல்லது.

மெஷின் காட்டும் 0.02-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். அது கேமரா படத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பீடு, அளந்த எண் இல்லை. பல ஏ2 ரகங்களில் கோரைச் சுற்றி ஒளிவிலகல் எண் குறைந்த வளையம் ஒன்று உண்டு. படத்தில் அது கூடுதல் கோடுகளாகத் தெரிந்து ஆட்டோ மோடைக் குழப்பக்கூடும். மெஷினில் ஜி.657-க்கென்று தனி மோடு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வேலை தொடங்கும்முன் ஆர்க் கேலிபரேஷன் (ஒட்டும் மின்பொறியைச் சரிசெய்வது) ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

ஒட்டின் மேல் மாட்டும் பாதுகாப்புக் குழாயான ஸ்லீவிலும் கவனம் வேண்டும். கிளீவ் நீளம் 16 மில்லிமீட்டர் என்றால் இரு பக்கமும் சேர்த்து 32 மில்லிமீட்டர் வெற்றுக் கண்ணாடி. 60 மில்லிமீட்டர் ஸ்லீவில் பக்கத்துக்கு 14 மில்லிமீட்டர் கோட்டிங் மேல் பிடிக்கும். 40 மில்லிமீட்டர் ஸ்லீவ் போட்டால் வெறும் 4 தான். கொஞ்சம் நகர்ந்து மாட்டினாலும் கண்ணாடி வெளியே நின்று, சில மாதம் கழித்து முறியும். சின்ன ஸ்லீவ்தான் ட்ரேயில் பிடிக்கும் என்றால் கிளீவை 10 மில்லிமீட்டராகக் குறையுங்கள்.

வகைக் கலப்பைப் பற்றி: ஜி.657-இல் ‘ஏ’ வகைகள் ஜி.652.டி-யோடு ஒத்துப்போகும்படி வரையறுக்கப்பட்டவை, தயங்காமல் சேர்க்கலாம். ‘பி’ வகைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, டேட்டா ஷீட்டைப் பார்த்த பிறகே சேருங்கள்.

எக்ஸ்சேஞ்ச் பக்க அளவை எடுக்கும்போது, நடுவில் ஸ்பிளிட்டர் (ஒளியைப் பல லைன்களுக்குப் பிரிப்பது) இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஸ்பிளிட்டர் வெளிவாயில் சேரும் நுனியிலிருந்தே எடுங்கள். ஓடிடிஆரின் குருட்டுத் தூரத்துக்குள் (அதனால் பார்க்க முடியாத தொடக்கப் பகுதி) ஒட்டு மாட்டாதபடி இரு முனையிலும் லாஞ்ச் கேபிள், அதாவது கூடுதல் ஃபைபர் துண்டு, போடுங்கள். சந்தாதாரர்கள் ஓடிக்கொண்டிருக்கும் லைனில் 1310, 1550 பல்ஸ் விடவே கூடாது. அதற்கு ஃபில்டரோடு கூடிய 1625 அல்லது 1650 போர்ட் வேண்டும்.