இருட்டினால் என்ன? – இலையுதிர்காலக் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு இரண்டு மகள்கள். மூத்தவளுக்கு 8 வயது, சின்னவளுக்கு 4. இலையுதிர்கால விடுமுறையில் பெரிய நகரம் ஒன்றுக்குப் போய் இரண்டு இரவு தங்கிவர நினைக்கிறோம். ரயிலில் மூன்று மணி நேரம். கணவர் மணிக்கணக்குப் போட்டுப் பட்டியலே தயாரித்துவிட்டார். கோட்டை, இரண்டு அருங்காட்சியகங்கள், மிருகக்காட்சி சாலை, ஆற்றில் படகு. எனக்குப் பயமாக இருக்கிறது. கோடையில் இப்படிப் போனபோது சின்னவள் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள், பெரியவளும் சேர்ந்துகொண்டாள். இந்தப் பருவத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது வேறு. போகலாமா, அடுத்த கோடைக்குத் தள்ளிப்போடலாமா?

பதில்: போய் வாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் குறையாகச் சொன்ன அந்த இருட்டுதான் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் பருவம் தரும் பெரிய வசதி.

கோடையை நினைத்துப் பாருங்கள். விளக்கு ஏற்றிய நகரத்தை மகள்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் ஒன்பது, பத்து மணிவரை விழித்திருக்க வேண்டும். அதற்குள் சின்னவள் தோளில் தூங்கிவிடுவாள், இல்லாவிட்டால் அழுவாள். இப்போது ஆறு மணிக்கே பாலத்தில் விளக்கு வந்துவிடும். ஆற்றுத் தண்ணீரில் அந்த வெளிச்சம் ஆடும். கடை ஜன்னல்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எட்டு மணிக்குப் படுக்கைக்குப் போய்விடலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு இருட்டிய பிறகு அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பதே பெரிய சாகசம். என் மகள்கள் இருவரும் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். சிறுவயதில் நாங்கள் போன ஊர்களில் எதைப் பார்த்தோம் என்று கேட்டால் யோசிப்பார்கள். ராத்திரியில் மழைக்கோட்டோடு டிராமின் முன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு போனதை மட்டும் இன்றைக்கும் வரி வரியாகச் சொல்வார்கள்.

அதனால் உங்கள் நாளை மாலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். காலையில் ஓர் இடம். மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வு. நான்கு, நாலரைக்கு மறுபடி கிளம்பி வெளிச்சம் மங்குவதையும் விளக்குகள் எரிவதையும் வெளியில் இருந்தே பாருங்கள். ஒரு நாளுக்கு இவ்வளவு போதும். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம். பயணத்தில் முதலில் பறிபோவது இந்தத் தூக்கம்தான். கோடையில் உங்கள் சின்னவள் நடுத்தெருவில் உட்கார்ந்ததைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதுக் கால்கள் அவ்வளவுதான் தாங்கும்.

மதியம் அறைக்குத் திரும்ப வேண்டுமானால் அறை பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊருக்கு வெளியே பெரிய அறையும் நீச்சல் குளமும் கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம். நடுநகரில் நான்கு பேர் நெருக்கிப் படுக்கும் சின்ன அறையே மேல். பத்து நிமிட நடையில் திரும்ப முடிந்தால் ஈரமான காலுறை, மறந்துபோன பொம்மை, திடீர்த் தூக்கம் எதுவும் பிரச்சினையே இல்லை. நாற்பது நிமிடத் தொலைவில் அறை இருந்தால் காலையில் கிளம்பியவர்கள் இரவுவரை தெருவில்தான் இருக்க வேண்டும். கோடையில் உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

கணவரின் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஆசையாகப் போட்டிருக்கிறார். அதை மகள்கள் முன்னால் வைத்து ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சின்னவள் மிருகக்காட்சி சாலை என்பாள், பெரியவள் கோட்டையோ படகோ கேட்பாள். தான் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பிள்ளை குறை சொல்லாமல் நடப்பாள், தங்கையையும் இழுத்துக்கொண்டு போவாள். மணிக்கணக்கு பார்க்கிற அவருடைய பழக்கத்துக்கும் நல்ல வேலை இருக்கிறது. கழிப்பறைகள் எங்கே, உட்கார பெஞ்சு எங்கே, எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதை அவர் பார்த்து வைக்கட்டும். திங்கள் அல்லது செவ்வாயில் மூடும் அருங்காட்சியகங்கள் பல உண்டு. பருவம் முடிந்ததும் நேரத்தைக் குறைக்கும் இடங்களும் உண்டு. கதவு வரை போய்த் திரும்புவதைப் பெரியவர்கள் தாங்குவோம், சின்னவர்கள் தாங்க மாட்டார்கள்.

அருங்காட்சியகம் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதலில் அங்குள்ள கடைக்குப் போய், உள்ளே இருக்கும் ஓவியங்களின் அஞ்சல் அட்டைகளில் ஆளுக்கு இரண்டை மகள்களையே எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அந்த ஓவியங்கள் அன்றைக்குச் சுவரில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளே போய் அட்டையில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது அவர்கள் வேலை. கண்டுபிடித்ததும் அதன் முன் நிற்பார்கள் பாருங்கள், பெரியவர்கள்கூட அவ்வளவு நேரம் நிற்க மாட்டோம். அட்டையில் உள்ளங்கை அளவு இருந்தது சுவரில் ஆள் உயரத்துக்கு நிற்கும்போது அவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.

உடை விஷயம் பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் புரியும். மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த உடை அழகாக இருக்கும், பொதுக் கழிப்பறையில் அவசரத்துக்கு உதவாது. கோட்டு, ஸ்வெட்டர் எல்லாம் கழற்றித்தான் அதைக் கழற்ற வேண்டும். சின்னவளுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போதும். பஞ்சு அடைத்த ஒரே தடித்த கோட்டைவிட, மெல்லியதாக மூன்று அடுக்கு போடுங்கள். வெளியே குளிர், ரயிலுக்குள் புழுக்கம், அருங்காட்சியகத்தில் இன்னும் புழுக்கம் என்று நாள் முழுக்கக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். ஒரு ஜோடி காலுறை எப்போதும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். டாக்ஸியிலோ காரிலோ குழந்தை இருக்கையில் உட்காரவைக்கும்போது தடித்த கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் பட்டையை மாட்ட வேண்டும். மோதல் ஏற்பட்டால் கோட்டின் பஞ்சு அமுங்கி பட்டை தளர்ந்துவிடும். குளிர்ந்தால் பட்டை மாட்டிய பிறகு கோட்டை மேலே போர்த்திவிடலாம்.

கூட்டத்தில் தவறிவிடுவாளோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. தினமும் காலையில் கிளம்பும்போது இருவரையும் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பிள்ளை என்ன நிறத்தில் போட்டிருந்தாள் என்று பெற்ற தாய்க்கே ஞாபகம் வராது. தவறிவிட்டால் தேடிக்கொண்டு ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், நாங்கள் வந்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள். பெரியவளுக்கு உங்கள் தொலைபேசி எண் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். சின்னவளின் மணிக்கட்டில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

மழை வந்தால் டிராமில் ஏறுங்கள். கடைசி நிறுத்தம்வரை போய் அதே வண்டியில் திரும்பி வாருங்கள். ஊர் முழுக்க ஜன்னல் வழியே வரும்.

கேள்வி: என் 6 வயது மகள் பூங்காவில் இலைகளைப் பொறுக்கிக்கொண்டு, “அப்பா, இதற்கு யார் சிவப்பு பூசினார்கள்? பக்கத்து மரம் மட்டும் ஏன் மஞ்சள்?” என்று கேட்டாள். குளிர் வந்தால் இலை காய்ந்துவிடும் என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு அது போதவில்லை.

பதில்: அவளுக்குப் போதாததில் ஆச்சரியமில்லை, நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். பகல் குறைந்து குளிர் கூடும்போது மரம் இலையில் இருக்கும் பச்சையத்தைச் சிதைத்து, அதிலிருக்கும் சத்துகளைக் கிளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு என்ற நிறமியால் வருபவை. கோடை முழுக்க அவை இலைக்குள்ளேயே இருந்தன, பச்சை மூடியிருந்ததால் நமக்குத் தெரியவில்லை. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியை, சிவக்கும் மரங்களில் பெரும்பாலானவை இந்தப் பருவத்தில்தான் இலையில் மிஞ்சிய சர்க்கரையிலிருந்து புதிதாகத் தயாரிக்கின்றன. எல்லா மரமும் தயாரிப்பதில்லை. அதனால்தான் மேப்பிள் மரங்கள் பல சிவக்கின்றன, பக்கத்திலேயே நிற்கும் பிர்ச் மரம் மஞ்சளோடு நின்றுவிடுகிறது. வெயில் நன்றாக அடிக்கும் பகலும் உறைபனி அளவுக்குப் போகாத குளிர் இரவும் சேர்ந்து வரும் ஆண்டில் சிவப்பு அதிகமாக இருக்கும்.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: “மஞ்சள் ஒளிந்திருந்தது, சிவப்பு இப்போதுதான் சமைத்தது.” ஆறு வயதுக்கு இது போதும், பொய்யும் இல்லை. அப்புறம் அவள் பொறுக்கிய இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கச் சொல்லுங்கள். தாளை இடையிடையே மாற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் தட்டையாகக் காய்ந்துவிடும். சிவப்பு சிறிது மங்கும். அதையும் முன்பே சொல்லிவிடுங்கள், ஏமாற மாட்டாள்.

கேள்வி: கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பும் நாள் வந்தாலே எங்கள் வீட்டில் ஒரு வாரம் ரகளை. 3 வயது மகள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அக்காவையும் எழுப்பிவிடுகிறாள்.

பதில்: அவள் உடம்புக்கு அது ஆறு மணி. கடிகாரம் மாறியது அதற்குத் தெரியாது. மாற்றத்துக்கு நான்கு நாள் முன்பிருந்தே தினமும் கால் மணி நேரம் தாமதமாகப் படுக்கவையுங்கள். இரவுச் சாப்பாடு, குளியல், கதை எல்லாமே அதே அளவு தள்ளிப்போக வேண்டும். படுக்கையை மட்டும் தள்ளினால் பசி பழைய நேரத்துக்கே வந்து நிற்கும். மாலையில் வீட்டு விளக்குகளைக் கொஞ்ச நேரம் கூடுதலாக எரியவிடுங்கள், விடியற்காலையில் அறை இருட்டாகவே இருக்கட்டும். அதையும் மீறி எழுந்தால் பேச்சுக் கொடுக்காமல், விளக்குப் போடாமல் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும்.

எப்படியும் இந்தப் பருவத்தில் வெளிச்சம் வேகமாகக் குறையும். 50 பாகை அட்சரேகையை ஒட்டிய ஊர்களில் செப்டம்பர் கடைசியில் வாரத்துக்கு ஏறக்குறைய 25 நிமிடப் பகல் போய்விடுகிறது. பள்ளி விட்டதும் வீட்டுப் பாடத்துக்கு உட்காரவைக்காமல் அரை மணி நேரமாவது மகள்களை வெளியே விடுங்கள். பாடத்தை விளக்கு வெளிச்சத்தில் படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அக்கா தங்கைக்குப் பயணத்தில் ஒரே மாதிரி உடை போடலாமா? மூத்தவளுக்குப் பிடிக்கவில்லை.

பதில்: பிடிக்காவிட்டால் வேண்டாம். கூட்டத்தில் கண்டுபிடிக்க வசதி என்று நினைத்தால், இருவருக்கும் பளிச்சென்ற நிறத்தில் தொப்பி வாங்குங்கள். நிறத்தை மூத்தவள் முடிவு செய்யட்டும்.

கேள்வி: எனக்கு 66 வயது. மகள் குடும்பம் இந்த விடுமுறையில் நகரத்துக்குப் போகிறது, என்னையும் கூப்பிடுகிறார்கள். முழங்கால் வலி இருக்கிறது. பேத்திகளுக்கு 5, 7 வயது. நான் போனால் அவர்களுக்குப் பாரமாக இருக்காதா?

பதில்: அம்மா, தாராளமாகப் போங்கள். 5 வயதுப் பேத்தியும் நீங்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் நடப்பீர்கள். அவள் உட்கார வேண்டும் என்னும்போது உங்களுக்கும் உட்கார வேண்டியிருக்கும். மதியம் அவளோடு அறையில் படுத்துக்கொள்ள ஒரு பாட்டி இருந்தால், பெரியவளை அவள் அம்மா தனியாக எங்காவது கூட்டிப்போகலாம். தங்கை வந்த பிறகு அம்மாவோடு தனியாக ஒரு மதியம் கிடைப்பது மூத்த பெண்களுக்கு அரிது. ஓர் இரவு பேத்திகள் தூங்கிய பிறகு மகளையும் மருமகனையும் வெளியே அனுப்பிவையுங்கள்.

போகும் முன் மகளிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தங்குமிடத்தில் லிஃப்ட் இருக்கிறதா, பேத்திகளோடு நீங்கள் படுக்கும் கட்டில் மாடிக்கட்டிலாக இல்லாமல் தரையில் நிற்கும் கட்டில்தானா. ஈரத்தில் விழுந்து கிடக்கும் இலை வழுக்கும், அடிப்பாகம் பிடிப்பாக உள்ள காலணியாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள், பேத்திகள் கைக்கு எட்டாத உயரத்தில் பையை மாட்டுங்கள்.