கரிப்புகை நஞ்சேறியவருக்குத் தாமதமாக வரும் மூளைப் பாதிப்பு: கேள்வி பதில்

கேள்வி: குளிருக்காகக் கும்முட்டி அடுப்பை அறைக்குள் மூட்டித் தூங்கிய என் தந்தை, மயங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்றாம் நாள் தெளிவாக வீடு திரும்பினார். மூன்று வாரங்கள் கழித்து அவருடைய பேச்சு குறைந்துவிட்டது. நடை தளர்ந்து, தம்மையறியாமல் சிறுநீர் கழிக்கிறார். முதுமைதான் காரணம் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: முதுமை மூன்று வாரங்களில் ஒருவரை இப்படி மாற்றாது. இன்றே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கரிப்புகையில் மயங்கிய தேதியை முதலில் சொல்லுங்கள், ஏனெனில் அந்தச் செய்தி தெரியாவிட்டால் இது மறதிநோயாகவோ மனச்சோர்வாகவோ தவறாகக் கணிக்கப்படக்கூடும். கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவின் நஞ்சிலிருந்து தெளிந்தவர்களில் சிலருக்கு, பெரும்பாலும் 2 முதல் 40 நாட்களுக்குள், மறதி, அசைவின்மை, பார்க்கின்சன் நோயைப் போன்ற விறைப்பு ஆகியவை தோன்றும். வாயு இரத்தத்தை விட்டு நீங்கிய பின்னரும் அது தூண்டிவிட்ட அழற்சி தொடர்ந்து, நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைவதே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பகுதியில் அந்த மாற்றம் தெரியும்.

கேள்வி: விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி அன்று 98 விழுக்காடு காட்டியதே?

பதில்: சாதாரணக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்தறியத் தெரியாது. இரத்தப் பரிசோதனையே நம்பத்தக்கது.

கேள்வி: உயர் அழுத்த ஆக்சிஜன் அறைச் சிகிச்சை இப்போது பயன் தருமா?

பதில்: அமெரிக்காவில் 152 நோயாளிகளிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை அச்சிகிச்சை பெற்றவர்களில் 25 விழுக்காட்டினருக்கும், சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் ஆறு வாரங்களில் அறிவுத்திறன் குறைபாடு காணப்பட்டது. ஆனால் எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. எனினும் அந்த ஆய்வு தடுப்பைப் பற்றியது. அறிகுறிகள் தோன்றிய பிறகு கொடுப்பதற்கு ஆதாரம் மெலிந்ததே. மருத்துவர் பரிந்துரைத்து, அருகில் வசதியும் இருந்தால் முயலலாம். கடன் வாங்கித் தொலைதூரம் அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: மருந்துகள்?

பதில்: இதைக் குணப்படுத்துவதாக உறுதிப்பட்ட மருந்து எதுவும் இல்லை. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு சில இடங்களில் தரப்படுகிறது. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா இந்த விறைப்பில் பெரும்பாலும் பலன் தருவதில்லை. அன்றாடப் பராமரிப்பே இங்கு முதன்மையான சிகிச்சை: இயன்முறைப் பயிற்சி, புரையேறாதபடி உட்காரவைத்து ஊட்டுதல், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல், விழாமல் காத்தல்.

கேள்வி: அப்பா மீள்வாரா?

பதில்: நம்பிக்கைக்கு இடமுண்டு. நிலக்கரி வில்லைகளால் தரையைச் சூடாக்கி வாழ்ந்த தென்கொரியாவில் இந்நோய் மிகுதியாக இருந்தது. அங்கிருந்து 1983இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து கவனிக்கப்பட்ட 36 பேரில் முக்கால்வாசிப் பேர் ஓராண்டுக்குள் மீண்டனர். சிலருக்கு மறதியோ விறைப்போ எஞ்சலாம். ஆகவே முதல் சில மாதங்களில் மாற்றம் தெரியவில்லை என்று பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அதே அறையில் தூங்கிய என் தாய் நலமாகவே இருக்கிறார்.

பதில்: அவரையும் குறைந்தது ஆறு வாரங்கள் கவனியுங்கள். சமையலில் தடுமாற்றம், காரணமற்ற மௌனம், நடையில் மாற்றம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.